கோத்தகிரியில் தங்கி நீலகிரியை சைக்கிளில் சுற்ற: வண்டிச் சத்தம் குறைந்த பாதைகளுக்கு முழு வழிகாட்டி

முதல் தடவை நீலகிரிக்கு சைக்கிளோடு போனபோது எல்லோரையும் போல ஊட்டியில்தான் அறை எடுத்தேன். மறுநாள் காலை 9 மணிக்கு சேரிங் கிராஸில் முன்னால் ஒரு சுற்றுலா பஸ், பக்கத்தில் இரண்டு வேன், பின்னால் விடாமல் ஹாரன் அடிக்கும் ஒரு கார். இந்தப் புகையைக் குடிக்கவா 2,200 மீட்டர் ஏறி வந்தோம் என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே மூட்டையைக் கட்டிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் தங்குகிறேன்.

சமவெளியில் ஒரே நாளில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர், கியர் சைக்கிள் வைத்திருப்பவர், மலையில் நான்கைந்து நாள் நிம்மதியாக ஓட்டிவிட்டு வர நினைப்பவர்: இப்படிப்பட்டவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நேரத்தை முறியடிக்க வருகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

மலைச் சாலையில் இரண்டு வகை அமைதி உண்டு. ஒன்று தேயிலைத் தோட்டங்களுக்கும் சின்ன ஊர்களுக்கும் நடுவே போகும் சாலையின் அமைதி. அரை மணிக்கு ஒரு பஸ் வரும், தேயிலை மூட்டை ஏற்றிய ஒரு வண்டி வரும், வளைவுக்கு வளைவு யாராவது நடந்து போவார்கள். பஞ்சரானால் உதவிக்கு ஆள் கிடைக்கும். இன்னொன்று காட்டின் அமைதி. அங்கே வண்டி வராததற்குக் காரணம், அந்த இடம் நம்முடையது இல்லை என்பதுதான்.

சைக்கிள் சத்தமே போடாது என்பது ஊருக்குள் நமக்குப் பெருமை. காட்டுச் சாலையில் அதுவே வினை. வளைவு திரும்பும்வரை நாம் வருவது யானைக்குத் தெரியாது, யானை நிற்பது நமக்கும் தெரியாது. ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் திரும்பி ஓடவும் முடியாது. அதனால் கீழே நான் சொல்லும் பாதைகளில் பெரும்பாலானவை முதல் வகை. காட்டு வகையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்வதற்காக.

எந்த மாதம், எந்த மணி

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை என் கணக்கில் முதல் இடம். சாலை காய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழும், விடிகாலையில் கைவிரல் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும். கோத்தகிரி சில நூறு மீட்டர் தாழ்வு என்பதால் அந்த அளவுக்கு வாட்டாது.

மழைக் கணக்கு நீலகிரியில் கொஞ்சம் விசித்திரமானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைத்தான் அடித்து நொறுக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே நாட்களில் கிழக்கே கோத்தகிரியில் மழை அவ்வளவு கடுமையாக இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பரில் மண்சரிவில் பலர் உயிரிழந்தது இந்தப் பக்கத்தில்தான். நவம்பரில் கோத்தகிரிக்கு சைக்கிள் பயணம் போட வேண்டாம். ஆகஸ்டில் போட்டே தீர வேண்டும் என்றால் கிழக்கே மட்டும் ஓட்டுங்கள்.

ஏப்ரல், மே சீசன். அந்த நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். ஊட்டியை விட்டு இறங்கும் அத்தனை கார்களும் கோத்தகிரி வழியே வரும் என்று அர்த்தம். அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. மிதித்து ஏறினால் அது உங்கள் பிரச்சினை இல்லை. காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவதானால் காருக்கு எடுக்க வேண்டும்.

நாளின் எந்த நேரம் என்பது மாதத்தை விட முக்கியம். விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஜனவரியில் சுமார் 7 மணிக்கு, கிளம்புங்கள். 10 மணிக்குள் அன்றைய ஓட்டத்தில் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும். வெளிச்சம் வரும் முன்னால் கிளம்பினால் கரடியும் காட்டெருமையும் இன்னும் வீடு திரும்பியிருக்காது. 10 மணிக்குப் பிறகு டாக்சிகள் வெளியே வந்துவிடும். சின்ன சாலைகளில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் 9 வரை பள்ளி வேன்கள் பறக்கும். அந்த ஒரு மணி நேரத்தை டீக்கடையில் கழிப்பது புத்திசாலித்தனம். காட்சிமுனைக்குப் போகும் சாலைகளோ ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிவரை வெறிச்சோடிக் கிடக்கும், அதற்குமேல் கால் வைக்க முடியாது.

சைக்கிளைத் தயார்செய்வது

நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அதில் ஏற்றம் மிகக் கூடிய இடத்தில் சரிவு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். அந்தச் சரிவில் சாதாரண சக்கரம் வழுக்கும் என்றுதான் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்தார்கள். நாம் ஏறப் போகும் சாலைகளில் சில இடங்கள் அதைவிடச் செங்குத்து. ரயிலுக்கே பல் தேவைப்பட்டது என்றால் நம் சைக்கிளின் பல்லையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது குறைந்தது 32 பல் இருக்க வேண்டும். 34-க்கு 34 இருந்தால் இன்னும் நிம்மதி. கடைகளில் விற்கும் ரோடு பைக்குகள் சிலவற்றில் பின்னால் 28 பல்தான் இருக்கும். அதை மாற்ற ஆகும் செலவு முழங்கால் வைத்தியச் செலவை விடக் குறைவு. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், இடம் கொடுத்தால் 32. உள்சாலைகளில் தார் பெயர்ந்த குழிகள் வளைவின் உள்பக்கத்தில்தான் இருக்கும். மெல்லிய டயர் அங்கே வெட்டுப்படும்.

பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டுக்கொண்டு, பழைய ஜோடியையும் பையில் வையுங்கள். இரண்டு ட்யூப், பம்ப், செயின் இணைப்புத் துண்டு, பின்னால் பளிச்சென்று எரியும் சிவப்பு விளக்கு. விளக்கு இரவுக்காக இல்லை. நண்பகலில்கூட ஐந்து நிமிடத்தில் மேகம் இறங்கிச் சாலையை மூடிவிடும். அப்போது பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் இருப்பது தெரிய ஒரே வழி அதுதான். கோத்தகிரியில் ரோடு பைக் உதிரி பாகம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். வேண்டியதைக் கோவையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறுவது: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. இரவில் ஏறினால் காலை 6 மணிவாக்கில் மேட்டுப்பாளையம். சைக்கிளைப் பார்சலில் போட வேண்டும். இதை முதல் நாளே பார்சல் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் ஒரு தடவை கடைசி நேரத்தில் போய், சைக்கிள் அடுத்த நாள் வண்டியில் வந்து, ஒரு முழு நாளை மேட்டுப்பாளையத்தில் பரோட்டா தின்றே கழித்தேன்.

ஊரைத் தாண்டி பவானி ஆற்றுப் பாலம் கடந்ததும் வழி பிரியும். நேரே போவது கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர். 14 கொண்டை ஊசி வளைவுகள், இடைவிடாத பஸ், லாரி. வலப்பக்கம் கோத்தகிரி. சுமார் 33 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் அளவில் இருக்கிறது, கோத்தகிரி சுமார் 1,800. ஆக ஏறவேண்டியது ஏறக்குறைய 1,475 மீட்டர், சராசரி 4.5 சதவீதம். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சமதளம் என்பதால் உண்மையில் ஏறும்போது 5 முதல் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கமுள்ள சாதாரண ஆள் ஒரு மணி நேரத்தில் 400 முதல் 600 மீட்டர் உயரம் ஏறுவார். இரண்டு தடவை டீ குடித்தாலும் நான்கு மணி நேரத்தில் மேலே போய்விடலாம். முதல் ஐந்து கிலோமீட்டர் ஏற்றத்தில் பேசிக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கீழே வெப்பம் அதிகம், வியர்வை ஆறாய் ஓடும். அங்கே சக்தியை விட்டால் அரவேனுவுக்கு முன்னால் கால் பிடித்துக்கொள்ளும்.

வழியில் குஞ்சப்பனை. இந்தப் பகுதியில் ஜூன், ஜூலையில் பலா பழுக்கும்போது யானைகள் சாலையோரத்துக்கே வந்துவிடும். அந்த மாதங்களில் இங்கே தனியாக ஏற வேண்டாம். மற்ற மாதங்களிலும் அங்குள்ள சோதனைச் சாவடியில் "இன்றைக்கு யானை நிற்கிறதா அண்ணா?" என்று கேட்டுவிட்டே நகருங்கள். நிற்கிறது என்றால் ஒரு பஸ் வரும்வரை காத்திருந்து அதன் பின்னாலேயே போகலாம். முள்ளூர் தாண்டியதும் காற்று குளிர்ந்து தேயிலை தொடங்கும். அரவேனுவிலிருந்து கடைசி 7 கிலோமீட்டர் சொர்க்கம்.

கோத்தகிரியிலிருந்து மூன்று நாள் ஓட்டம்

முதல் நாள் கொடநாடு. போக 18 கிலோமீட்டர், வர 18. ஈளாடா வழியாக ஏறியும் இறங்கியும் போகும் சாலை. இருபுறமும் தேயிலை, நடுவே சில்வர் ஓக் மரங்கள். முடிவில் இருக்கும் காட்சிமுனை மலையின் கிழக்கு விளிம்பு. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அதில் தெங்குமரஹாடா, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம், பக்கத்தில் ரங்கசாமி மலை. 8 மணிக்குள் போய்விட்டால் உங்களோடு குரங்குகள் மட்டும் இருக்கும். ஹேண்டில்பார் பையைத் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம். எனக்கு இந்த மலையிலேயே மிகவும் பிடித்த பாதை இதுதான். சுற்றுலாக்காரர்கள் பார்க்க இங்கே எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், ரொம்ப நல்லது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளோடு படுகர் ஊர்கள், ஒவ்வொன்றும் ஒரு மேட்டில். ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: இந்தப் பாதையில் போகும்போது இறக்கம் அதிகம், திரும்பும்போது ஏற்றம். உற்சாகத்தில் இறங்கிக்கொண்டே போய்விட்டு வெயிலில் ஏறி வருவது கொடுமை. கால் நன்றாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். கரடி நடமாட்டம் உள்ள பக்கம் என்பதால் மாலையில் போகவே கூடாது.

ஊர்ப் பெயர்களைக் கவனித்தால் வரைபடம் இல்லாமலே கொஞ்சம் கணிக்கலாம். பெட்டா என்று முடிந்தால் குன்று, கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹட்டி, அட்டி என்று முடிந்தால் ஊர், டீ கிடைக்க வாய்ப்புண்டு. டீக்கடையில் "இன்னும் கொஞ்ச தூரம்தான் தம்பி" என்பார்கள். மலைக்காரர்களின் கொஞ்ச தூரத்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளவும். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா நடக்கும். பேரகணி பக்கம் வெள்ளை உடுத்திய மக்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையில் நடந்து போவார்கள். மணி அடித்து வழி கேட்காதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள்.

கிளம்பும் முன்னாலோ திரும்பிய பிறகோ கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு வரை ஒரு சின்ன ஓட்டம் போய் வாருங்கள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு வந்தபிறகு கட்டிய பங்களா அங்கே இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஊட்டி உருவாகும் முன்பே வெள்ளைக்காரர்கள் தங்கிய இடம் கோத்தகிரிதான் என்பது எனக்கு ஒரு சின்ன திருப்தி.

மூன்றாம் நாள் கட்டபெட்டு, வண்டிச்சோலை வழியாகக் குன்னூர். சுமார் 20 கிலோமீட்டர். இது முக்கிய சாலை, பஸ் உண்டு. ஆனால் காலை 8 மணிக்கு முன் நன்றாகவே இருக்கும். சிம்ஸ் பூங்கா பக்கம் குன்னூருக்குள் நுழைந்ததும் நகரத்தில் மாட்டிக்கொள்ளாமல் லேம்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனைகளுக்குப் போகும் சாலையைப் பிடியுங்கள். ஒடுக்கமான சாலை, தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து போகும். முனையில் நின்றால் எதிர்ப் பள்ளத்தாக்கில் கேத்தரின் அருவி தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது தாண்டிவந்த அரவேனு அந்த அருவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏறி வந்த மலையை எதிரே நின்று பார்ப்பது ஒரு தனி சுகம். சனி, ஞாயிறு இந்தச் சாலை வேண்டவே வேண்டாம்.

காலில் இன்னும் தெம்பு இருந்தால்: மேற்குப் பக்கம்

நான்காம் நாள் கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா சந்திப்பு வழியாக ஊட்டிக்கு 29 கிலோமீட்டர். கடைசியில் ஏற்றம் கடுமை, அப்புறம் ஊட்டிக்குள் இறக்கம். ஊட்டியில் நிற்காமல் லவ்டேல் பக்கம் போய் ஒரு இரவு தங்குங்கள். அங்கிருந்து இரண்டு பாதைகள்.

ஒன்று, லவ்டேல், கேத்தி பாலாடா, சேலாஸ், காட்டேரி வழியாகக் குன்னூருக்கு இறங்குவது. தேயிலை குறைந்து கேரட், உருளை, முட்டைகோஸ் வயல்கள் படிக்கட்டாகத் தெரியும். கேரட் கழுவும் இடங்களுக்கு அருகே சாலை ஈரமாக இருக்கும், லாரி டயரிலிருந்து விழுந்த சேறு வளைவில் படிந்திருக்கும். நான் ஒரு தடவை அங்கே முன் பிரேக்கைப் பிடித்து, முழங்கையில் தோல் போய், கேரட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களிடம் நல்ல திட்டும் வாங்கினேன். காயத்தைக் கழுவிவிட்டு ஒரு கேரட்டும் கொடுத்தார்கள். ஊட்டி–குன்னூர் முக்கிய சாலைக்கு இது மாற்றுப்பாதை என்பதால் சீசனில் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு.

இன்னொன்று, முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் போக்குவரத்து சட்டென்று மெலியும். எமரால்டு அணைப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, எடக்காடு வழியாக மஞ்சூர் வரை போகலாம். ஒரே நாளில் திரும்பி வருவது நல்ல காலுள்ளவர்களுக்கு மட்டும். அவலாஞ்சி வனத்துறைப் பகுதி. அதற்கு மேலே உள்ளே சைக்கிளில் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அழகாக இருந்தாலும் விட வேண்டியவை

மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏற்றம், 36 கொண்டை ஊசி வளைவுகள், 12, 13 கிலோமீட்டரில் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தால் புகழ் பெற்றது. அவர்கள் ஏறும்போது முன்னும் பின்னும் வண்டி வரும், மருத்துவக் குழு இருக்கும். தனியாகப் போகும் நமக்கு அதெல்லாம் கிடையாது. இறங்க வேண்டும் என்று கனவிலும் நினைக்காதீர்கள். விபத்துகளால் வெளியூர் வண்டிகள் இறங்கவே தடை போட்ட சாலை அது.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். ஆளே இல்லை, காட்சி அபாரம் என்று ஆசை காட்டுவார்கள். யானைகள் சாலையிலேயே நிற்கும் இடம். வனத்துறைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் வாதாட வேண்டாம். முதுமலை, பந்திப்பூர் சாலையும் அப்படித்தான். இரவு 9 முதல் காலை 6 வரை மோட்டார் வண்டிகளையே விடாத சாலை.

இறங்கும்போது

ஏற்றம் காலைச் சோதிக்கும், இறக்கம் தலையைச் சோதிக்கும். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள், சக்கர விளிம்பு கொதித்து ட்யூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக்கும் நீளமான இறக்கத்தில் சூடேறிப் பிடிமானம் இழக்கும். வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று விரல்களை உதறிக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ் மொத்த அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். கீழே ஹாரன் கேட்டால் வளைவுக்கு மேலேயே ஒதுங்கி நின்றுவிடுங்கள். வளைவுக்குள் போய் ஒதுங்க இடம் தேடக் கூடாது. காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டைக் கிளம்பும்போதே மாட்டிக்கொள்ளுங்கள், நடுங்கும் கையால் பிரேக் பிடிக்க முடியாது.

தண்ணீர், தீனி

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை. ஊருக்கு ஊர் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், சில்லறைக் காசோடு போங்கள். இரண்டு பெரிய பாட்டில் போதும். தின்பதற்கு நான் சிபாரிசு செய்வது வர்க்கி, அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் பேக்கரிப் பண்டம். டீயில் தோய்த்து நான்கு வர்க்கி தின்றால் அடுத்த 15 கிலோமீட்டருக்குக் கவலை இல்லை. மதியச் சோற்றைப் பாதி வயிறோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஏற்றத்தில் அது நினைவூட்டும்.

திரும்புவது

கடைசி நாள் மீண்டும் கோத்தகிரி வழியாகவே இறங்குங்கள். ரயில் இரவில்தான் என்று மாலைவரை மேலே உட்கார்ந்திருக்க வேண்டாம். 2 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே மேட்டுப்பாளையம் போய், சைக்கிளைத் துடைத்து, பார்சலுக்குக் கொடுக்க நேரம் இருக்கும். கீழே போகப்போகச் சூடு கூடும், குஞ்சப்பனை வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். அங்கே நிற்க வேண்டாம், சாவடி தாண்டி ஆள் இருக்கும் இடத்தில் கழற்றிக்கொள்ளலாம். காற்றில் பழுத்த பலா வாசனை வந்தால் படம் எடுக்கவும் நிற்காதீர்கள்.